மூச்சு அடக்கத் தெரிந்தவர்

மூச்சை அடக்குவதில் என் கணவருக்கு இருந்த கர்வம் வேறெதிலும் இருந்ததில்லை. ஆரணிப் பக்கத்துக் கிணறுகளில் முங்கி வளர்ந்தவர். கல்யாணமான புதிதில், பிரேசர் டவுன் மாடி வீட்டில், கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கோ பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். முகம் சிவக்கும்வரை அடக்கிவிட்டு, "எவ்ளோ நேரம்?" என்பார். கொஞ்சம் கூட்டியே சொல்வேன். உடனே ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம்.

அவர் பட்டாளத்தில் பாலம் கட்டும் வேலையில் இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கும் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். இவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சமாதானம் சொன்னார்.

"கெணத்துல வெறும் மூச்ச அடக்கி முங்கறோமே, அதுதான் இருக்கறதுலயே ஆபத்து. மூச்சு தீர்ந்தா ஆளு தீர்ந்தான். பித்தளைத் தொப்பி மாட்டிக்கினு எறங்கறது அடுத்தது. மேல ஒருத்தன் பைப்புல காத்து அடிச்சினே இருக்கணும். அவன் அசந்தா நம்ம கதை முடிஞ்சுது. சிலிண்டர்னா காத்து நம்ம முதுகுலயே இருக்குது. யாரையும் நம்ப வேணாம். பூ மாதிரி வேலை, டீச்சர்."

என் கோபத்தைத் தணிக்க வேண்டிய நேரங்களில் மட்டும் நான் அவருக்கு டீச்சர். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு, அவருக்குப் பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். பட்டாளத்தில் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் சும்மா இருக்காமல் அவர் முன்னாலும் மூக்கைப் பிடித்துக் காட்டினார். உஸ்தாத் சிரிக்கவில்லை.

"பாபி, எனக்கு இவனப் பாத்தாதான் பயம்," என்றார், அண்ணி முறை வைத்து என்னிடம். "நீச்சல் சுமாரா இருக்கற பசங்க பயந்துகினு மூச்ச விட்டுனே இருப்பானுங்க. பொழைச்சுக்குவானுங்க. இவன் அடக்குவான்."

பிறகு விளக்கினார். ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்று, மேலே வர வர விரியுமாம். எண்ணெயில் பூரி உப்புவதுபோல நெஞ்சுக்குள் உப்புமாம். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அதற்குக் கடல் ஆழம் தேவையில்லை, பக்கத்திலிருக்கும் அல்சூர் ஏரியே போதும் என்றார். இவர் கிணற்றில் உயிர் பிழைத்து வந்ததே மூச்சை அடக்கித்தான்.

உஸ்தாத் போனதும் பிடித்துக்கொண்டேன். "இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்லிக் குடுத்தாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா தண்ணிக்குள்ள போனா நெஞ்சு தானா பூட்டிக்குது. சின்ன வயசுப் பழக்கம்."

விட்டுவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றேன். பெயரை வாபஸ் வாங்கினால் பட்டாளத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று அவரும் பிடிவாதமாக இருந்தார். சரி, பழக்கம்தானே எதிரி? எத்தனை பிள்ளைகளின் பழக்கத்தை மாற்றியிருக்கிறேன்!

எங்கள் மாடிப்படி பதினாலு படி. தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது மனுஷன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஏறுவார். இனிமேல் படியேறினால் 'ஊ' என்று வாயால் ஊதிக்கொண்டே ஏற வேண்டும் என்று சட்டம் போட்டேன். மேல்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். நடுவில் சத்தம் நின்றால் குடத்தோடு திருப்பி அனுப்புவேன். நாற்காலியிலிருந்து எழுந்தாலும் 'ஊ'. சர்ச்சில் பாட்டுக்கு எழுந்தபோது ஒருமுறை 'ஊ' என்றுவிட்டு என்னை முறைத்தார். கீழ்வீட்டு அம்மாள் கன்னடம் கலந்த தமிழில் விசாரித்தாள்: "ஏனம்மா, உங்க யஜமானரு ஏன் தினா ஊளை விடறாரு?"

ஒரு மாதம் அவர் உயிரை வாங்கினேன். ஒருநாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவர்மேல் அன்பு பொங்குகிறது.

பரீட்சை ஒரு காலை நேரத்தில், அல்சூர் ஏரியில். குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கரையில் போய் நின்றேன். உஸ்தாத் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிட்டார்.

உஸ்தாதும் இவரும் சேர்ந்து முங்க வேண்டும். அடியில் உஸ்தாத் இவருடைய காற்றை மூடிவிடுவார். நெஞ்சில் மிச்சமிருப்பதை வெளியே விட்டுக்கொண்டே இவர் மேலே வர வேண்டும். புதுக்காற்று வராதபோது இருப்பதையும் விட யாருக்கு மனசு வரும்?

அவர்கள் குதித்த படகுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு இடத்தில் நின்றது. மூடிவிட்டார். தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. 'ஊதுங்க, ஊதுங்க' என்று மனசுக்குள் கத்தினேன்.

பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. விடாமல் வந்தன. அவற்றின் நடுவில் அவர் தலை தெரிந்தது. உதடு குவிந்தே இருந்தது.

தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி நேராக என்னிடம் வந்தார். வந்த சிரிப்பு, என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"டீச்சர், மொதல்ல நீ மூச்ச விடு."

விட்டேன். அது அழுகையாக வந்தது.