ஐலீன் எடுத்த ஒற்றைப் பாடம்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐலீன் கோஸ்கெலாவுக்குக் கல்லூரி என்றாலே ஒரு காலத்தில் ஆகாது. பதினெட்டு வயதில் சேர்ந்தபோது, எல்லோரும் எடுக்கிறார்களே என்று ஒரே பருவத்தில் ஐந்து பாடங்களை எடுத்தாள். மாலையில் உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலை வேறு. மூன்றில் தோற்று, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவேயில்லை. தன் மண்டையில் படிப்பு ஏறாது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே ஏரிக்கரைப் பாறைகளில் நடப்பது அவள் வழக்கம். சிவப்பும் கறுப்புமாகக் கிடக்கும் அவை எப்படி வந்தன என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. நாற்பத்து நான்கு வயதில் நிலவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

பாடம் தேர்ந்தெடுக்க உதவும் ஆலோசகன் பிரெண்டனுக்கு அவள் மகன் வயது.

"நாலு எடுத்துக்கங்க மேடம். அப்பத்தான் நாலு வருஷத்துல முடியும்."

"ஒண்ணு போதும்."

"கொஞ்சமா எடுக்கிறவங்கதான் பாதியில விட்டுட்டுப் போறாங்க. நாங்க கணக்கெடுத்திருக்கோம்."

"நிறைய எடுத்துட்டு ஓடிப்போனவ நான். என்னையும் அந்தக் கணக்குல சேத்துக்கங்க தம்பி."

வீட்டில் கணவன் டேல் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ பட்டம் வாங்கறதுக்குள்ள அந்தப் பாறையே தேஞ்சு மணலாயிடும்டி."

"தேயட்டும். எப்படித் தேஞ்சுதுன்னு உனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

பருவத்துக்கு ஒன்று என்று படித்தாள். மத்தியானம் ஆளில்லாத பேருந்தில் உட்கார்ந்து, புரியாத பக்கத்தைப் புரியும்வரை விடமாட்டாள். கனிமங்கள் பற்றிய பாடத்தில் முதல் தரம் வாங்கியபோது டேல் கிண்டலை விட்டான்.

அப்புறம்தான் புது விதி வந்தது: பருவத்துக்கு இரண்டு பாடமாவது எடுக்காதவர்கள் பட்டப்படிப்பில் இருக்க முடியாது. துறைத் தலைவர் கேரன் லிண்ட் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டா எடுத்துடுங்க ஐலீன். பிரச்சினை முடிஞ்சுது."

"ரெண்டு எடுத்தா ரெண்டும் அரைகுறை ஆயிடும். என்னை எனக்குத் தெரியும்."

"அப்ப உங்க பேரை எடுக்கிறதைத் தவிர எனக்கு வழியில்ல."

"எடுங்க. வகுப்புல வந்து உக்காரக் கூடாதுன்னு விதியில ஏதாவது இருக்கா?"

இல்லை. பட்டமில்லாமல் தனிப்பாடம் படிக்க யாருக்கும் அனுமதி உண்டு. வெளியே காரில் உட்கார்ந்து அழுதாள். இரண்டாகவே எடுத்துத் தொலைக்கலாமா என்றுகூட அந்த வாரம் முழுக்க யோசித்தாள். ஆனால் வகுப்பு தொடங்கிய அன்று, ஒரே பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சில வருடங்களில் மாணவர்கள் குறைந்துபோக, அந்த விதியைக் கல்லூரியே கைவிட்டது. கேரன் தானாக அவளைக் கூப்பிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். இடையில் படித்ததெல்லாம் செல்லும் என்றார். ஐலீன் நன்றி சொன்னாள். எத்தனை பாடம் என்று கேரன் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று. பட்டம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பருவத்துப் பாடம் பனியாறுகள். போன சனிக்கிழமை களப்பயணத்துக்கு டேலையும் இழுத்துக்கொண்டு போனாள். குளிரை வைதுகொண்டே அவன் அவளுடைய பாறை உடைக்கும் சுத்தியலைத் தூக்கி வந்தான்.