படத்தின் பின்னால் இருக்கும் பொய் முத்திரை

நேற்று கூடத்துச் சுவரைத் துடைக்கும்போது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழற்றினீர்கள். பின்பக்கம் ஊதா மையில் ஒரு ஸ்டூடியோவின் முத்திரை. "நீங்க வீட்டுல கழுவுன படம்னுதான சொன்னீங்க? கடை சீல் இருக்கே?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. பொய் சொல்வது அந்த முத்திரைதான். நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

படத்தில் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறவர் உங்கள் மாமா. சொந்த மாமா இல்லை, என் கூட்டாளி. அவர் இருபது வருடத்துக்கு மேல் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து ஏறும்போது வலது காது உடைந்து, தொழில் நின்றது. சங்கு குளிக்கிற குளியாளுக்கு அரசாங்க உதவித்தொகை அட்டை உண்டு என்றார்கள். விண்ணப்பம் எழுத நான் கூடப் போனேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ சங்கு குளிச்சதுக்கு என்ன ஆதாரம்?"

"காதுதான் சார் ஆதாரம்" என்றார் மாமா, ஊருக்கே கேட்கிற குரலில். ஒரு காது போனதிலிருந்து அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"காது ஆஸ்பத்திரி சமாச்சாரம். வள்ளத்துல இருக்கற மாதிரி போட்டோ கொண்டா."

கடலுக்கு அடியில் மூச்சடக்குகிறவன் போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டா போவான்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. முன்பு பழைய கேமரா ஒன்று வாங்கி, மாமாவின் வள்ளத்தில் இரண்டு ரோல் எடுத்திருந்தேன். கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ ஊரில் ஆள் இல்லாததால் இரண்டும் பீரோவிலேயே கிடந்தன. மாமா தொழிலில் இருந்ததற்கு உலகத்தில் வேறு படம் கிடையாது.

ஒரு ரோலை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். வெளியூருக்கு அனுப்பிக் கழுவித் தருவதாகச் சொன்ன அந்த மனுஷன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிலிமைச் சரசரவென்று உருவி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"ஒண்ணுமே விழலையே அண்ணாச்சி."

கழுவாத பிலிம் வெளிச்சத்தைப் பார்த்தால் செத்தது. கடை வைத்திருக்கிறவருக்கு இது தெரியவில்லை. நான் கத்தினேன். "விடுங்க அண்ணாச்சி, இந்தக் காலத்துல யாரு பிலிம் போடுதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிச்சம் ஒரே ரோல். இனி யார் கையிலும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். மருந்துகளும் கழுவும் டப்பாவும் கூரியரில் வந்தன. நாசரேத் ஊரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து படம் பெரிதாக்கும் என்லார்ஜரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நம்மூர் வெயிலில் பச்சைத்தண்ணீரே கொதிக்கும். மாமா மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். குளியலறை முழுக்கச் சாளை மீன் வாடை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, இருட்டில் தடவித்தடவிப் பிலிமைச் சுருளில் ஏற்றினேன். மருந்து ஊற்றி, நிமிடம் பார்த்து, குலுக்கி, எல்லாம் முடித்துத் திறந்தால், ஏலே, படம் விழுந்திருந்தது! மாமா, வள்ளம், வள்ளத்தின் நம்பர், எல்லாம் தலைகீழ் நிறத்தில். இனி நிறையத் தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டியதுதான்.

இங்கேதான் கோட்டை விட்டேன். நல்ல தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று தெரியாத ஊர் இது. பெரிய பெரிய கம்பெனிக்குக் குழாய் போகிறது, நமக்குக் குடத்தோடு காவல். அதனால் நம் வீட்டில் உங்கள் அம்மா போட்ட சட்டம், வாய்க்குள் போவதற்கு மட்டும்தான் நல்ல தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் உப்புக் கரிக்கிற போர் தண்ணீர். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், பிலிமை வாளி வாளியாகப் போர் தண்ணீரில் அலசிக் கொடியில் மாட்டிவிட்டேன்.

காய்ந்ததும் பார்த்தால், உப்பளத்தில் பாத்தி காய்ந்தது போல வெள்ளைத் திட்டு. மாமாவின் முகத்தின் மேலேயே பொரிப்பொரியாக.

மாமா எட்டிப் பார்த்தார். "ஏலே, எனக்கு அம்மை போட்டுட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரரை அவ்வளவு திட்டினேன், கடைசியில் நானே கெடுத்துவிட்டேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அம்மா நெகட்டிவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"உப்புதானங்க இது? உப்பு தண்ணியில கரையாதா?"

சமையலுக்கு இருந்த கடைசிக் குடத்தை அவளே தூக்கிவந்து வாளியில் சாய்த்தாள். அன்று மத்தியானம் நம் வீட்டில் உலை வைக்கவில்லை. பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். உங்களுக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஊறவைத்து, அலசி, மறுபடியும் காயவைத்தால் திட்டு போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சிவப்புப் பல்பு வெளிச்சத்தில் இரண்டு பிரதி போட்டேன். தட்டில் வெறும் வெள்ளைத்தாள் கிடந்தது. முதலில் வள்ளத்தின் விளிம்பு, பிறகு இடுப்பில் சங்கு நிறைந்த வலைப்பை, கடைசியில் முகம். மாமா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அதிகாரி படத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஸ்டூடியோ சீல் எங்க? ரெண்டு காப்பியிலயும் வேணும்."

"நான் கழுவுனது சார்."

"அப்ப செல்லாது."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "சண்டை போடாதல. எனக்கு அட்டை வேணும்."

சீல் எந்தக் கடையில் கிடைக்கும்? அதே கடைக்குத்தான் போனோம். என் ரோலைக் கொன்ற அதே மனுஷன் படத்தைப் பார்த்து, "நல்லா வந்திருக்கே அண்ணாச்சி, எங்க கழுவுனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டிலும் டப் டப்பென்று குத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அட்டை வந்தது. அலுவலகம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டது. திரும்பி வந்ததை மாமா நமக்குத் தந்தார்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் படத்தைக் கழற்றி, அந்த முத்திரைக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "இந்தக் கடைக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. கழுவியது அப்பா. தண்ணீர் அம்மாவுடையது." சுவரில் மாட்டுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டு மாட்டுங்கள்.