அவனுக்காக நான் சொன்ன உள்ளேன்

அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு லேசில் திறக்காது. தோளால் ஓர் இடி இடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை அப்படித்தான் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். திருச்சியில் என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். போன் போட்டு விசாரிக்க வேண்டும் என்ற பதற்றம். ரிசீவரை எடுத்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் என்னையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. அவர் பக்கத்துச் சுவரில் ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. "டேய், நீயாடா?" என்றார். அவ்வளவுதான், அவர் எனக்கு அவனாகிவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். பதினெட்டு வருடமாக நான் பார்க்காதவன்.

அவனுக்கு என்னைப் பார்த்ததில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. திருச்சியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைக் கேட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்து என் கையில் திணித்து, "மகாலட்சுமி வந்துருக்காடா!" என்று அவனே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னான். நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். என் கண் அவனுடைய மடித்துக் குத்திய பேன்ட் காலை விட்டு நகரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று புளுகிவிட்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் பெரம்பலூரிலிருந்து மாதம் இரண்டு தடவை அரியலூர் வந்தாலும், அந்தச் சந்தை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவேன். பத்து வருடம் அப்படி ஒளிந்து திரிந்திருக்கிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஏன் ஒளிந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்தால் தலையை நிமிர்த்த மாட்டார். பெயரைப் படிப்பார், "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வந்தால் போதும், பேனா ஒரு கோடு போட்டுவிடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒருத்தன் மட்டம் போட்டால் மற்றவன் குரலைக் கொஞ்சம் மாற்றி அவனுக்கும் உள்ளேன் சொல்லிவிட வேண்டும். அவன் குரலை அவனைவிட நன்றாக நான் பேசுவேன் என்று வகுப்பில் எனக்கு ஒரு பெயரே இருந்தது. அதில் பெருமை வேறு.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள். அங்கே கல்லோடு கல்லாகச் சங்கும் நத்தையும் கிடைக்கும். எப்போதோ அங்கே கடல் இருந்ததாம். ஒரு நாள் சாயங்காலம் அவன் என் காதில், "நாளைக்கு எனக்கும் சேர்த்து நீயே சொல்லிருடா. பழைய பள்ளத்துக்குப் போறேன். உனக்கும் ஒரு கல்நத்தை கொண்டாரேன்" என்றான். மறுநாள் காலையில் ஒரு உள்ளேன், மதியம் ஒரு உள்ளேன். இரண்டும் பிசிறில்லாமல் சொன்னேன். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனுடைய அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அவன் இன்னும் வூட்டுக்கு வரலப்பா. இன்னைக்குப் பள்ளிக்கூடம் வந்தானா?"

பக்கத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். வரவில்லை என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். இங்கே பெல்ட், அங்கே பிரம்பு. "வந்தான் மாமா. மணி அடிச்சதும் போயிட்டான்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எங்கேயாவது சுற்றிவிட்டு உதைக்குப் பயந்து ஒளிந்திருப்பான், வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவர் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டையும் பார்த்தாராம். இரண்டு வேளையும் கோடு விழுந்திருந்தது. ஆகவே பேருந்து நிலையம், ரயிலடி, செந்துறையில் அவனுடைய மாமன் வீடு என்று தேடினார்கள். பள்ளத்துப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

மறுநாள் காலை ஆசிரியர் அவன் பெயரைப் படித்தபோது நான் உள்ளேன் சொல்லவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து மூடிக்கொண்டேன். மதியம் அந்தப் பக்கம் ஆடு மேய்த்த ஒரு பெண்தான் முனகல் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். சரிந்த கல்லுக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்திருக்கிறான். திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நேற்றே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடம் விட்டபிறகுதான் போய் விழுந்தான் என்றே பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். அன்று அவன் வரவில்லை என்று தெரிந்த வகுப்புப் பையன்களும் பிரம்புக்குப் பயந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவன் திரும்பப் பள்ளிக்கூடம் வரவில்லை, செந்துறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வாயிலிருந்து என்ன வந்தது, அவனுக்கு என்ன தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. என்னைத் தின்றது அதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எங்கள் வகுப்புக்காரன் ஒருவன் சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தான். லெப்பைக்குடிகாட்டுக்காரன், அந்தக் காலத்தில் அரியலூரில் தன் மாமி வீட்டில் தங்கிப் படித்தவன். எங்கிருந்தோ எல்லோருடைய எண்ணையும் பிடித்து, "மச்சான், இன்ஷா அல்லாஹ் வர்ற ஞாயித்துக்கெழமை எல்லாரும் கூடுறோம். பிரியாணி என் பொறுப்பு. சாக்குப்போக்கு சொன்னே, பெரம்பலூருக்கு ஆளை விட்டுத் தூக்கிட்டு வருவேன்" என்றான். போகாமலிருக்க எத்தனையோ காரணம் யோசித்தேன். என் மனைவி, "முப்பது வருஷத்துச் சிநேகிதம், போயிட்டு வாங்க, அப்படி என்ன கசக்குது?" என்று சட்டையை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினேழு பேர் கூடினோம். தொப்பை, வழுக்கை, சர்க்கரை. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பு போட்டவன் ஒருத்தன், கல் லாரி ஓட்டி இப்போது இரண்டு லாரிக்கு முதலாளியான ஒருத்தன். பையன் எஞ்சினியரிங், பெண்ணுக்கு வரன் என்றுதான் பேச்சு. நான் பத்திரப் பதிவு ஆபீசில் இருக்கிறேன், எழுதிக் கொடுப்பவர்தான் நேரில் வந்திருக்கிறாரா என்று சரிபார்த்துக் கைரேகை வாங்குவேன் என்று சொன்னதும், "யோவ், நீயா ஆள்மாறாட்டம் புடிக்கிற!" என்று லாரிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் பெஞ்சுக்காரனும் வந்திருந்தான். மனைவி தையல், மகள் பன்னிரண்டாவது, ஆளுக்கொரு செல்போன் வந்ததில் பூத்தில் ஈ ஓட்டுகிறேன் என்று அவனே கேலி செய்துகொண்டான். பொழுதுபோக்கு வானொலிக்குக் கடிதம் எழுதுவதாம். "வாரத்துல ஒருக்கா என் பேரைப் படிச்சிருவானுங்க" என்றான். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

சாப்பிட்டு முடிந்ததும் சவுதிக்காரன் ஒரு நோட்டைப் பிரித்து, எங்கள் வகுப்பாசிரியர் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு பழைய வரிசைப்படி பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் பிள்ளைகளைப் போல "உள்ளேன் ஐயா" என்று கத்தினோம். என் பெஞ்சுக்காரன் பெயர் வந்தது. அவன் கை கழுவப் போயிருந்தான். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பி, "சொல்லுடா, நீதானே அவனுக்குச் சொல்லுவே! அந்தக் குரல்ல சொல்லுடா!" என்று மேசையைத் தட்டியது. வாசலைப் பார்த்தேன். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கியபடி, ஈரக்கையோடு அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. "நானே வந்துட்டேன். உள்ளேன் ஐயா" என்றான்.

அன்று மதியம் அவனை நான்தான் பூத்தில் கொண்டுபோய் விட்டேன். பத்து வருடம் கழித்து அதே கதவை இடித்துத் திறந்தேன். உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவனுடைய அப்பா சைக்கிளோடு வந்து நின்றது, நான் சொன்ன பொய், மறுநாள் காலை வாய் திறக்காதது. மன்னிச்சிருடா என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் ஒரு துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

"எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரியில எங்கப்பா சொன்னாரு, உன் சிநேகிதனும் நீ மணி அடிச்சப்புறம்தான் போனதா சொன்னான்னு. கேட்டதும் புரிஞ்சிருச்சு. சரி, அதையே நானும் சொல்லிட்டேன், சாயங்காலம்தான் போனேன்னு. இல்லாட்டி உன் தோலை உரிச்சிருப்பாங்க. அவரு சாகுற வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தாரு."

துண்டால் முகத்தைத் துடைத்தேன். அவன் தெருவைப் பார்த்தபடி கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டா. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அந்தப் பள்ளத்துல கெடந்தப்போ, நான் எங்க போனேன்னு உனக்குத்தானே தெரியும்? இருட்டிருச்சு. இருந்தாலும் இவனுக்குத் தூக்கம் வராது, எந்திரிச்சு அவங்கப்பாவ எழுப்பி, கூட்டிக்கிட்டு வந்துருவான்னு விடியுற வரைக்கும் மேலயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வரல. பயந்துட்டான், பாவம், தூங்காம முழிச்சிக்கிட்டுக் கெடந்திருப்பான்னு நெனைச்சுக்குவேன். இன்னவரைக்கும் அப்படித்தான் நெனைச்சுக்கறேன். சொல்லுடா, அன்னைக்கு ராத்திரி நீ தூங்குனியா?"

அவனுடைய அப்பா என்னைப் பார்த்த அதே பார்வை.

"தூங்கலடா" என்றேன். "பொட்டுக்கூடத் தூங்கல."

அவன் மூச்சை விட்டான். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அதான். எனக்குத் தெரியும்டா" என்று என் கையைப் பிடித்து அமுக்கினான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். குடித்தேன்.

இரண்டு வருடத்தில் பூத்தை மூடிவிட்டு மகளோடு திருப்பூர் போய்விட்டான். அவ்வப்போது போன் செய்வான். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, அவன் சிரிப்பைக் கேட்டதும் விட்டுவிடுகிறேன். அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். படுத்தது மட்டும்தான் தெரியும். விடிந்து வெகுநேரம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா உலுக்கித்தான் என்னை எழுப்பினாள்.