ரெண்டு சுத்து

ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேருக்கு நான் ரத்தம் எடுப்பேன். புத்தூர்ல லேப் டெக்னீஷியனா இருபது வருஷம் ஓடிப்போச்சு. நரம்பே கிடைக்காத பெரியவர், ஊசியைப் பார்த்ததும் கதவைத் தாண்டி ஓடுற குழந்தை, யாரா இருந்தாலும் ஒரே குத்துதான். என் கை நடுங்கி ஒருத்தரும் பார்த்ததில்ல. அதே கையோட ஆள்காட்டி விரல், துப்பாக்கி விசையில வச்சா மட்டும் கல்லாப் போயிடும். இதை யார்கிட்ட சொல்லி அழுறது?

துப்பாக்கி எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா என்னை ஏதோ கொள்ளைக்காரின்னு நினைச்சுக்குவீங்க. ட்ராப் ஷூட்டிங்னு ஒரு விளையாட்டு. தரைக்குள்ள ஒரு பள்ளம், அதுல ஒரு மெஷின். நாம துப்பாக்கியைத் தோள்ல வச்சுக் குரல் கொடுத்தா, மெஷின் சாஸர் அளவுல ஒரு ஆரஞ்சு கலர் வில்லையை வானத்துல வீசும். இடமா வலமா, எந்தப் பக்கம் போகும்னு தெரியாது. அது தரையில விழறதுக்குள்ள சுட்டு உடைக்கணும். பேருதான் களிமண் தட்டு, உள்ள இருக்கிறது தாரும் சுண்ணாம்புத் தூளும். கிளப்ல அதைப் பறவைன்னு சொல்லுவாங்க. உடைஞ்சா ‘டெட்’, தப்பிச்சா ‘லாஸ்ட்’. இருபத்தஞ்சு பறவை ஒரு ரவுண்டு. ஸ்ரீரங்கத்துல, முட்டைகூட நுழையாத வீட்டுல, நான் வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள என் மாமியார் ‘இன்னிக்கு எத்தனை செத்துச்சு?’ன்னு கேப்பாங்க. இருபதும்பேன். பாவம்னு சொல்லிட்டுக் காபி கலக்கப் போயிடுவாங்க.

எங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர்தான் ஒரு தடவை ஸ்டாஃப் எல்லாரையும் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனார். முக்கொம்பு தாண்டி, கரூர் ரோட்லேர்ந்து உள்ள தள்ளி ஒரு பொட்டல். மத்தவங்க எல்லாம் பயந்து காதைப் பொத்திக்கிட்டாங்க. நான் சுட்டேன். மூணாவது பறவை ஆகாசத்துல பொடிப்பொடியாச்சு. எனக்கு அப்போ முப்பத்தெட்டு வயசு, அதுவரைக்கும் நான் எதையும் வேணும்னு கேட்டதில்ல. இது வேணும்னு கேட்டேன். லைசென்ஸுக்கு மூணு வருஷம் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ்னு அலைஞ்சேன், நாக்குத் தள்ளிடுச்சு. ஆஸ்பத்திரியில நான் ‘சிஸ்டர்’, வீட்டுல ‘அம்மா’, ‘அண்ணி’. அந்தப் பொட்டல்ல நின்னு ‘வா’ன்னு குரல் கொடுத்தா, எனக்காக மட்டும் ஒண்ணு கிளம்பி வரும். எல்லாரும் ‘புல்’, அதாவது ‘இழு’ன்னு, இங்கிலீஷ்லதான் கத்துவாங்க, எனக்கு ‘வா’தான்.

என் வீட்டுக்காரர் ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். ஒரு நட்டை டைட் பண்ணிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து அதைத் தொட்டுப் பார்க்கிற ஆளு. கேஸ் சிலிண்டர் மாத்தினா மூணு தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். கிளப்ல இருந்த பழைய மெஷினை அவர்தான் பார்த்துக்கிட்டார், அவங்களும் நம்பி ஒப்படைச்சிட்டாங்க. மத்தவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் சுட வருவாங்க, அன்னிக்கு எனக்கு டூட்டி. அதனால செவ்வாயும் வெள்ளியும் காலையில, வெயில் ஏறி வில்லை இளகறதுக்கு முன்னாடி, நாங்க ரெண்டு பேர் மட்டும் போவோம். அவர் பட்டனை அழுத்துவார், டெட்டா லாஸ்ட்டான்னு அவரே சொல்லுவார். அவர் வாயில ‘டெட்’ சத்தமா வரும். ‘லாஸ்ட்’ தொண்டையோட நின்னுடும்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை ‘வா’ன்னேன். பறவை வந்துச்சு, குழல் அது பின்னாடியே போச்சு, கண்ணு பார்த்துச்சு, விரல் அசையல. தட்டு முழுசாப் போய் கருவேலம் புதர்ல விழுந்துச்சு. கார்ட்ரிட்ஜ் கோளாறான்னு அவர் கேட்டார். ஆமான்னு பொய் சொன்னேன். அடுத்ததும் அப்படியே. அன்னிக்கு இருபத்தஞ்சுல ஒன்பது பறவைக்கு நான் சுடவே இல்ல.

அப்புறம் நான் பார்க்காத வைத்தியம் இல்ல. நரம்பு டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துட்டு, விரலுக்கு ஒண்ணும் இல்ல, மனசுலதான் ஏதோன்னார். மனசுல ஏதோன்னா மனசை எங்க கொண்டு போய்க் காட்டறது? எண்ணெய் தேய்ச்சேன், கையை மாத்திச் சுட்டுப் பார்த்தேன், மூச்சை எண்ணினேன். கடைசியில சமயபுரத்துல வெள்ளி உரு வாங்கி உண்டியல்ல போட்டேன். விரல் மட்டும் தனியாக் கிடைக்குமான்னு கேட்டதுக்குக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, கை முழுசாத்தான் இருக்கும்னுட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளப் கமிட்டி கூடி முடிவு பண்ணினாங்க. லைசென்ஸ் புதுப்பிக்க கிளப் கடுதாசி வேணும். வருஷப் போட்டியில மூணு ரவுண்டு, எழுபத்தஞ்சு பறவையில அறுபது அடிச்சவங்களுக்குத்தான் இனிமே கடுதாசி. என் லைசென்ஸ் அந்த வருஷம்தான் முடியுது. கடுதாசி இல்லேன்னா துப்பாக்கியை டீலர் கடையில ஒப்படைச்சிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான். நாப்பத்தேழு வயசுல இன்னொரு மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏற எனக்குத் தெம்பு இல்ல. ராத்திரி சோறு இறங்கல. யார் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இருபத்தஞ்சுல பதினொண்ணுதான் அடிச்சிட்டு வரும்போது, காவிரிப் பாலத்துல வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். பஸ்ல போறவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. அவர் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு சும்மா நின்னார்.

அடுத்த வாரத்துலேர்ந்து தெளிஞ்சுச்சு. பதினேழு. பத்தொன்பது. விரல் இன்னும் தயங்கத்தான் செஞ்சுச்சு, ஆனா தயங்கிட்டு இழுத்துச்சு. இருபது. நடுவுல ஒரே ஒரு நாள் பதினாலுக்கு இறங்கி, திரும்பப் பாலத்துல ஒரு அழுகை. அதுக்கடுத்த தடவை இருபத்திரண்டு. அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல புதர்ல இருந்த மயில் ஓடுச்சு. மாரியம்மா கண்ணைத் திறந்துட்டான்னு லேப்ல எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தேன்.

போட்டி ஞாயித்துக்கிழமை, எங்க கிளப்லயே. லீவு சொல்லிட்டுப் போனேன். வெளியூர்லேர்ந்து ரெஃப்ரி வந்திருந்தார். பட்டன் அவர் ஆள் கையில. முதல் பறவைக்கு ‘வா’ன்னேன். அம்மாடி, என்ன வேகம்! நான் குழலை அது பக்கம் திருப்பறதுக்குள்ள அது எங்கேயோ போயிடுச்சு. விரல் தயங்குற அந்த ஒரு நொடியை அது எனக்குக் கொடுக்கவே இல்ல. ரவுண்டு முடிஞ்சப்போ பதினாறு.

எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. நேரா ரெஃப்ரிகிட்ட போனேன். மெஷின் தப்பா வீசுது, இது எங்க மெஷின், வாரம் ரெண்டு தடவை இதுல சுடறவ நான், வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படி வீசலன்னு சத்தம் போட்டேன். நல்ல மனுஷன். அஞ்சு பறவையைச் சும்மா வீசச் சொன்னார். தூரத்துல தரையில ஒரு மஞ்சள் முளை அடிச்சிருக்கும், தட்டு அதுகிட்ட விழுந்தா வேகம் சரின்னு அர்த்தம். அஞ்சும் முளைகிட்டதான் விழுந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எங்களுக்கு எப்பவும் இப்படித்தானே வீசுதுன்னு ஒருத்தர் சொன்னார். பின்னாலேர்ந்து இன்னொருத்தர், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு முணுமுணுத்தார். நாலு பேர் சிரிச்சாங்க. அவருக்குப் பதில் கொடுக்கத்தான் திரும்பினேன். திரும்பினப்போ என் வீட்டுக்காரர் கண்ணுல பட்டார். வேலி ஓரமா நின்னு தன் ஷூவையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

நான் சுடறதுக்கு முன்னாடி எண்ணெய் போடறேன்னு பள்ளத்துல இறங்குவார். சுட்டு முடிச்சதும் துடைக்கிறேன்னு திரும்ப இறங்குவார். அவர் கை பட்ட மெஷின்ல ஒரு ஸ்ப்ரிங் தானாத் தளராது. தளர்ந்தா பறவை மெதுவா வரும். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த ரவுண்டுக்கு என் பேரைக் கூப்பிட்டாங்க.

அதுல பன்னெண்டு. பாதிக்கு மேல விரல் நகரவே இல்ல, துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஏமாந்தவ மாதிரி நின்னேன். மீதி இருபத்தஞ்சும் அடிச்சாலும் அறுபது வராது. மூணாவது ரவுண்டுக்கு நான் வரலன்னு சொல்லிட்டுத் துப்பாக்கியைப் பையில போட்டேன். ரெஃப்ரி ஒரு கோடு இழுத்தார்.

வர்ற வழியில அவர் முக்கொம்புல வண்டியை நிறுத்தினார். ஞாயித்துக்கிழமைக் கூட்டம், குடும்பம் குடும்பமா மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கரையில உட்கார்ந்தோம். நான் கேக்கல. அவராத்தான் ஆரம்பிச்சார்.

“முதல்ல ஸ்ப்ரிங் நட்டை ஒரு சுத்துதான் தளர்த்தினேன். நீ சிரிச்சே. அதனால இன்னொரு சுத்து.”

கொஞ்சம் கொஞ்சமா திரும்ப டைட் பண்ணிடலாம்னுதான் நினைச்சாராம். ஒரு நாள் அரைச் சுத்து டைட் பண்ணிப் பார்த்தாராம், அன்னிக்குத்தான் பதினாலு. நான் பாலத்துல நின்னு அழுததைப் பார்த்துட்டு மனசு கேக்காம பழையபடி விட்டுட்டாராம். தைரியம் வந்துட்டா விரல் தானா சரியாயிடும்னு நம்பினாராம். ஒவ்வொரு தடவையும், நான் சுட்டு முடிச்சதும் மத்தவங்களுக்காக அந்த ரெண்டு சுத்தையும் டைட் பண்ணிட்டுத்தான் வந்திருக்கார், அதுல மட்டும் பிசகே இல்ல.

கத்தணும்னு இருந்துச்சு. பக்கத்துல ஒரு குழந்தை மீன் முள்ளை எடுத்துக் கொடுக்கச் சொல்லி அடம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

“ஏங்க, அந்த இருபத்திரண்டுல என்னுது எத்தனை?”

அவருக்குத் தெரியல. தெரியலம்மான்னு சொன்னார். துப்பாக்கி போறதைவிட அதுதான் என்னைக் கொன்னுச்சு. தோத்தாத் தோத்தேன்னு ஆறிடலாம். மூணு மாசமா நான் என்னவா இருந்தேன்னே எனக்குத் தெரியாம ஆக்கிட்டாரே மனுஷன். அதுவும் பாசத்துல. திட்டறதுக்கு ஒரு கெட்ட எண்ணம்கூட இல்லாத ஆளை எப்படித் திட்டறது? நாலு நாள் அவரோட நான் பேசல. மாமியாருக்கு விவரம் தெரியாது, ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்து ரசம் ஊத்தினாங்க.

மாசக் கடைசியில துப்பாக்கியை ஒப்படைக்கணும். கார்ட்ரிட்ஜையும் வீட்டுல வச்சுக்கக் கூடாது. என்கிட்ட ஒரே ஒரு பெட்டி மிச்சம், சரியா இருபத்தஞ்சு. செவ்வாய்க்கிழமை காலையில அவரை எழுப்பினேன். கிளப்புக்குப் போனோம். வழக்கம்போல எண்ணெய் டப்பாவை எடுத்தார். கையிலேர்ந்து வாங்கிக் கீழ வச்சேன். பள்ளத்துல நானும் கூட இறங்கி, ஸ்பேனரை அவர்கிட்ட கொடுத்து, அந்த நட்டை என் கண்ணு முன்னாடி டைட் பண்ணச் சொன்னேன். அசையாதுன்னு காட்டினார். நானும் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தேன், அசையல.

மேல வந்து இடத்துல நின்னேன். இன்னொண்ணும் சொன்னேன். ‘லாஸ்ட்’டுன்னா ‘லாஸ்ட்’டுன்னு எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லணும், முழுங்கக் கூடாதுன்னேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. சரின்னார்.

‘வா’ன்னேன். வந்துச்சு, அதே வேகம். விரல் நின்னுடுச்சு. ‘லாஸ்ட்’டுன்னார். அடுத்ததும் லாஸ்ட். நாலாவது உடைஞ்சுச்சு, ஒரு ஓரம் மட்டும், சின்னத் துண்டு. அப்புறம் வரிசையா நழுவிப் போச்சு. எட்டாவதுக்கு மேல அவர் குரல் உடைய ஆரம்பிச்சுச்சு. நான் திரும்பிப் பார்க்கல, பார்த்தா அவர் நிறுத்திடுவார்.

ஒன்பது அடிச்சேன். இருபத்தஞ்சுக்கு ஒன்பது. பதினாறு தடவை அவர் ‘லாஸ்ட்’டுன்னு சொன்னார், அழுதுக்கிட்டே சொன்னார், பதினாறும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு.