அச்சகப் பெயர் இல்லாத தாள்

தவமணி அக்கா போய்விட்டார் என்று பெரியகல்லாற்றிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, கல்லடியில் என் அச்சுக்கடையின் கலர் பிரிண்டரில் தாள் சிக்கி நின்றது. தாள் சிக்கினால் நான் முதலில் கூப்பிடுவது அக்காவைத்தான். அழைப்பை வைத்த பிறகும் கை அவருடைய இலக்கத்தையே தேடியது.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய துருவல் புத்தியும் தெரியும். சண்டைக் காலத்தில் என் கடை இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒருநாள், சாவிக்கொத்தில் தொங்கிய நீல டோர்ச்சை அச்சான தாளில் அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "இஞ்ச வாகா. ஒண்டும் அடிக்காத இடத்திலயும் என்னமோ கிடக்கு" என்றார். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே படாத மஞ்சள் புள்ளிகள். மைத்தூள் சிந்துகிறதாக்கும் என்று மூன்று நாள் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தார். புள்ளிகள் போகவில்லை. பிறகு, கரடியனாற்றிலிருந்து திருத்த வந்த இன்னொரு கலர் பிரிண்டரில் அடித்துப் பார்த்தார். அதிலும் புள்ளிகள், ஆனால் வேறு அடுக்கில்.

"இது ஊத்தை இல்லகா. மெசினுக்கு மெசின் அடையாளம் வச்சிருக்கானுகள்."

இரண்டு அடுக்கையும் கொப்பியில் வரைந்து வைத்தார். பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கலர் பிரிண்டர் வைத்திருப்போர் அதன் இலக்கத்தை இராணுவ முகாமில் பதியவேண்டியிருந்த நாட்கள் அவை. காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு ஒரு துண்டுப்பிரசுரம் ஊரில் உலாவியது. அடியில் அச்சகப் பெயர் இல்லை. என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவும் கூட வந்தார். இது எந்த இயந்திரத்தில் அடித்தது என்று சொல்ல முடியுமா என்று அதிகாரி அவரிடம் கேட்டார். அக்கா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலாது ஐயா, எல்லாம் ஒரே மாதிரித்தான் அடிக்கும்" என்றார். டோர்ச் அவருடைய கைப்பைக்குள் கிடந்தது. பின்னேரம் வரை இருத்தி மிரட்டிவிட்டுத்தான் என்னை விட்டார்கள்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "புள்ளியக் காட்டியிருந்தா நம்மட கடை இல்லையெண்டு அப்பவே தெரிஞ்சிருக்குமே அக்கா."

"தெரிஞ்சா அடுத்த கடையத் தேடுவானுகள்கா."

என்னைவிட யாரோ அவருக்குப் பெரிதாகிவிட்டார்கள் என்று பல நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். பிறகு பேசினோம். ஆனால் அந்தக் குறை என் மனதை விட்டுப் போகவில்லை. நான் அதைக் குத்திக் காட்டாத வருடமும் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மகள் அக்காவின் கொப்பியையும் டோர்ச்சையும் தந்தாள். கொப்பிக்குள் அந்தப் பிரசுரத்தின் தாளொன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். கொப்பியில் 'நம்மட மெசின்' என்று எழுதி அவர் வரைந்திருந்த அதே அடுக்கு.

எந்தப் பிள்ளையின் தாய் வந்து கேட்டாரோ, நான் இல்லாத எந்த நேரத்தில் அக்கா அடித்தாரோ தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் பயத்தில் மறுத்திருப்பேன். கேட்காமல் என் உயிரைப் பணயம் வைத்ததில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அன்று அவர் டோர்ச்சை எடுத்திருந்தால் நான் வீடு திரும்பியிருக்கமாட்டேன். நான் ஏசிய ஏச்சையெல்லாம் அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார் என்பதை நினைக்கத்தான் அழுகை வருகிறது.

டோர்ச், கொப்பி, அந்தத் தாள் மூன்றும் இப்போது என்னிடம். தாளின் அடியில் விடுபட்டிருந்த அச்சகப் பெயரை நேற்று என் கையால் எழுதினேன்.