சிவப்பில் வரையாத சுவர்கள்

முதுகலைக் கட்டடக்கலைப் படிப்பின் மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த தளவரைபடத்தில் இருந்தவை: வடிகால்கள், மின்கம்பங்கள், செம்மண் சடக்கு, செம்பனை வரிசைகள், பழைய நிர்வாகியின் பங்களா, ஒரு தண்ணீர்த் தொட்டி. இல்லாதவை: தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நான்கு வரிசை லயத்து வீடுகள். அவை நிற்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதன்மேல் 'காலி நிலம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அந்தச் செம்பனைத் தோட்டம் சுங்கை லாலாங் பக்கத்தில் இருக்கிறது. ஜித்ராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வாரக் கடைசியில் அந்த வழியாகத்தான் காரோட்டிப் போவேன். லயத்துக் கூரைகள் பெரிய சடக்கில் போகும்போதே தெரியும், காயப்போட்ட துணிகளும் தெரியும். ஆகவே கையை உயர்த்திக் கேட்டேன், இந்த இடத்தில் வீடுகள் இருக்கின்றனவே என்று.

ஸ்டூடியோ என்கிற அந்த வடிவமைப்பு வகுப்பை நடத்திய விரிவுரையாளர் தமிழ்ப் பெண்மணி. முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் அழைப்போம். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். நீங்கள் வரைந்து முடிக்கும்போது அவை இருக்காது என்று பதில் சொன்னார். வகுப்பு சிரித்தது. நிலத்துக்குச் சொந்தக்கார நிறுவனம்தான் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஆதரவு. அங்கே ஒரு புதுநகரத்தை வடிவமைப்பது எங்கள் பணி. முடிவில் எல்லா மாணவர்களின் கோப்புகளும் அந்த நிறுவனத்துக்குப் போகும் என்று திட்டக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. அதை அன்று வேறு யாரும் கவனித்துப் படிக்கவில்லை. நான் படித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

வீடுகளை நானே அளந்து வரைவது என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணத்தைவிட எரிச்சல்தான் அதற்குக் காரணம். தப்பான அடிப்படை வரைபடத்தின்மேல் சரியான கட்டடத்தை வரையச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

முதல் தடவை போனபோது லேசர் அளவுகோலைக் கையில் பார்த்ததும் ஒரு வீட்டு வாசலில் இருந்தவர் எழுந்து வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுகிறவர்.

"எந்தக் கம்பனி?"

"கம்பனி இல்லண்ணே. யூனிவர்சிட்டியில படிக்கிறேன்."

"போன தடவ வந்து கதவுல நம்பர் அடிச்சிட்டுப் போனவனும் படிச்சவன்தான்."

அவருடைய அக்கா சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கம்பனிச் சட்டையைக்கூட மாற்றாமல் தம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு தம்பியிடம்தான் பேசினார்.

"தமிழ்ப் பொண்ணா அனுப்புனா உள்ள விட்ருவோம்னு நெனச்சிட்டானுங்க போல."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்: "அளக்கட்டும்லா. நம்ம மாளிகை எவ்ளோ பெருசுன்னு அந்தப் புள்ளைக்காச்சும் தெரியட்டும்."

யாரும் உள்ளே விடவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை லேசரைக் காரிலேயே விட்டுவிட்டு, தளவரைபடத்தை மட்டும் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தேடினார்.

"இது பங்களா. இது தண்ணித்தொட்டி. நாங்க எங்க?"

"போடலக்கா."

"போடலன்னா?"

"காலி நிலம்னு போட்டிருக்காங்க."

அவர் தாளை மடிக்காமல் என் கையில் திணித்தார். "அப்ப வா. அள. ஒரு செங்கல்லு விடாம போடு. இது ஒரு வீடு இல்ல, ரெண்டு வீடு. முன்னால நானு, பின்னால என் தம்பி குடும்பம். தனித்தனி அடுப்பு. அதயும் போடு."

அக்கா சொன்னதால் அந்த வரிசை முழுவதும் என்னை உள்ளே விட்டார்கள். யாரும் சிரித்துப் பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் லேசர் ஒளியைச் செலுத்தும்போது காலைக்கூடத் தூக்கவில்லை. ஆனாலும் அளக்க விட்டார்கள்.

அந்த வீடுகளின் அமைப்பு இதுதான். முன்பகுதி தோட்டம் கட்டிக்கொடுத்தது: இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை, ஒரு கூடம், ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. பின்பகுதி குடியிருந்தவர்கள் சேர்த்தது: பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக நீண்டுபோன அறைகள், இன்னொரு குசினி, தனி வாசல். ஒரு புயலில் கூரைகள் பறந்தபோது எல்லாரும் சேர்ந்து முன்னையும் பின்னையும் ஒரே நீளத் தகரத்தால் மூடிவிட்டார்கள். பக்கச் சுவர்களுக்கும் ஒரே சுண்ணாம்பு. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கட்டடம்தான். உள்ளே நடந்து போனால் மட்டும் பழைய குசினிச் சுவர் தடித்திருப்பதும், அதற்கு அப்பால் தரை கொஞ்சம் இறங்குவதும் தெரியும்.

அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தொழிலின் வழக்கப்படி பழைய சுவர்களைக் கறுப்பிலும் பின்னால் சேர்த்தவற்றைச் சிவப்பிலும் வரைந்தேன். ஸ்டூடியோ மேசையில் என் மடிக்கணினியில் அதைப் பார்த்த டாக்டர், அந்த செமஸ்டரில் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பாராட்டைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு காரோட்டினேன்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்களுக்கு விளக்கம் கொடுக்க வந்தார். திரையில் அடுக்குமாடி வீடுகளின் படம். தோட்டம் கட்டிய அசல் வீடு ஒன்றுக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு தருவார்களாம். பின்னால் சேர்த்தவை அத்துமீறல், அவை கணக்கில் வராது. எது அசல், எது சேர்த்தது என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய தொல்லை, மக்கள் ஆளை உள்ளே விடுவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பி, அதில் நாங்கள் உங்களுக்கு உதவ முடியும் என்றார்.

மறுநாள் அவருடைய அறைக்குப் போனேன். டாக்டர் தமிழில் பேசினால் திட்டப் போகிறார் என்று அர்த்தம். தமிழில்தான் பேசினார்.

"உக்காரும்மா. என்ன பிரச்சன?"

"படிப்புக்குன்னு சொல்லித்தான் அளந்தேன் டாக்டர்."

"படிப்புக்குத்தானே கேக்குறோம்?"

"அந்தச் சிவப்பக் காட்டுனா பின்னால இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் வீடு கெடைக்காது."

"நீ காட்டாட்டி மட்டும் கெடச்சிருமா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நானும் லயத்துல பொறந்தவதான். எப்படா இடிப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தோம். நீ டவுன்ல வளந்த பொண்ணு. ஒனக்குத்தான் லயம்னா சினிமா மாதிரி தெரியுது."

"இடிச்சப்ப உங்க வீட்டுக்கு எத்தன வீடு குடுத்தாங்க டாக்டர்?"

அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்து எதையோ தட்டத் தொடங்கினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஃபைனல்ல அளவோட, கறுப்பு செவப்போட வரணும். இல்லாட்டி அது பிளான் இல்ல, வெறும் படம்."

என்ன செய்யலாம் என்று அன்று மாலை எழுதிப் பார்த்தேன். ஒன்று, கேட்டபடி கொடுப்பது. இரண்டு, வகுப்பில் எல்லாரும் செய்ததுபோல் லயத்தை வரையாமலே விடுவது. அப்படிச் செய்தால் திரும்பவும் காலி நிலம்தான். மூன்று, கறுப்பும் சிவப்பும் பிரியும் கோட்டை வேறு இடத்தில் போட்டுப் பொய் சொல்வது. அதை என் கை செய்யாது. நான்கு, எல்லாச் சுவர்களையும் ஒரே கறுப்பில், ஒரே தடிப்பில் வரைந்து, அடுப்பையும் வாசலையும் வைத்து வீடுகளைப் பிரிப்பது. சுவரின் வயதைச் சொல்லாமல் விட்டால் வரைபடத்தில் குறை இருக்கும், பொய் இருக்காது. குறைக்கு மதிப்பெண் கொஞ்சம் போகும், போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு சிவப்புக் கோப்பை இருந்த இடங்களிலெல்லாம் அழித்தேன்: மடிக்கணினி, கைப்பேசி, ஸ்டூடியோவின் பொது வட்டு, வெளி வட்டு. பென்சிலில் போட்ட அளவுப் படங்களை வாரக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்து, குசினித் தொட்டியில் ஊறவைத்துப் பிசைந்து குப்பையில் போட்டேன். என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டார். வீட்டுப்பாடம் என்றேன்.

இறுதி மதிப்பீட்டு நாளில் தாள்களைச் சுவரில் குத்திவிட்டு முன்னால் நின்றேன். மதிப்பிட வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் நிறுவனத்தின் ஆளும் இருந்தார். என் வடிவமைப்பில் ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு வீடு, பழைய வரிசைகளின் போக்கிலேயே. அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் ஒருவர், முதலில் இருந்ததையும் பின்னால் சேர்த்ததையும் பிரித்துக் காட்டாதது முதலாண்டு மாணவர் செய்கிற பிழை என்றார். நிறுவனத்தின் ஆள், இதில் அசல் பகுதி எது என்று நேரடியாகக் கேட்டார்.

எனக்குத் தெரியும், ஆனால் இங்கே சொல்லப்போவதில்லை என்றேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். டாக்டர் தன் தாளில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டார். ஸ்டூடியோவில் தோல்வி, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று சாயங்காலம் அறிவித்தார்கள்.

தரையில் தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து நின்றார்.

"வீம்புக்கு ஒரு செமஸ்டர போக்கிட்ட. அவங்க ஒனக்கு மால போடப் போறாங்களாக்கும்?"

"இல்ல டாக்டர். பசியாறக்கூடக் கூப்பிட மாட்டாங்க."

"பின்ன எதுக்கு?"

இரண்டாம் தாளுக்கு ரப்பர் வளையம் போதவில்லை. அதைக் கழற்றிவிட்டுச் சுருளை இன்னும் இறுக்கிச் சுற்றத் தொடங்கினேன். அவர் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்காவும் தம்பியும் வாசலிலேயே நின்று கேட்டார்கள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அப்ப மொதல்ல செவப்புல போட்டிருக்க," என்றார் தம்பி.

"ஆமாண்ணே."

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம."

"ஆமா."

"அழிச்சிட்டேன்னு சொல்ற. எப்படி நம்புறது?" என்றார் அக்கா.

"நம்ப வேணாங்க்கா. ஒண்ணு மட்டும் கேளுங்க. வெளிய நின்னு பார்த்தா கூரை ஒண்ணு, சுவரு ஒண்ணு. உள்ள நடந்து பார்த்தாதான் எது பழசுன்னு தெரியும். அவங்க வேற ஆள அனுப்புவாங்க. நல்லா தமிழ் பேசுற ஆளாக்கூட இருக்கும். மரியாதயாத்தான் கேக்கும்."

"உன்ன மாதிரி," என்றார் தம்பி.

"என்ன மாதிரிதாண்ணே. உள்ள விடாதீங்க."

அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"அப்ப நீயும் இனிமே வராத," என்றார்.

திரும்பப் படிக்கும் செமஸ்டரில் வடிவமைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும். இன்னும் மூன்று வரிசைகளை நான் அளக்கவே இல்லை. அதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"சரிங்க்கா," என்றேன்.

நான் காரைத் திருப்பிப் பெரிய சடக்கில் ஏறும்வரை அக்கா அதே இடத்தில் நின்று, போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அதற்குள் வரிசையின் அந்தக் கோடி வீட்டுக்குப் போய், ஜன்னலைத் தட்டி ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.