பூ கிள்ளிய போஸ்ட்மாஸ்டர்

முக்காலியின் மேல் ஏறி நின்று, மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொள்ளும் ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்துக் காலை. இடம், வரிச்சிக்குடி கிளை அஞ்சலகத்தின் பின்புறம். அஞ்சலகம் என்பது அவர் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரைக் கட்டை, வாசலில் சிவப்புப் பெட்டி. நடையைத் தாண்டிப் போனால் தோட்டம். அவர் கிள்ளுவது பூச்சி அரித்த மொட்டு அல்ல. வெள்ளை வெளேரென்று, வாசனை தெருமுனை வரை போகிற நல்ல மொட்டு. "என்னங்க போஸ்ட்மாஸ்டர், காய்க்கிறதுக்குத்தானே மரம்?" என்று கேட்டால், "சின்னப்புள்ளங்க அது. காய் சுமக்கிற வயசா?" என்பார். அந்தச் சின்னப்பிள்ளை அப்போது ஓட்டுக்கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில் நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். வாரநாளில் கோப்புகளைக் கட்டுவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுச்செடி கட்டுவேன். கோப்புகளாவது பிரியாமல் இருந்தன. இதே பைத்தியம் பிடித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அம்பகரத்தூரிலிருந்து ஒருவர் பஸ்ஸில் மடி நிறைய ஒட்டுக் குச்சியோடு வருவார். கண்டக்டர் அவரை விறகுக்காரர் என்றே நினைத்திருந்தார். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். குச்சியைச் சும்மா கொடுக்கக் கூடாது, சும்மா வாங்கவும் கூடாது. சும்மா வாங்கிய குச்சி துளிர்க்காது என்று ஒரு நம்பிக்கை. மாவுக்குப் பதில் சப்போட்டா, மாதுளைக்குப் பதில் சீத்தா என்று எதையாவது மாற்றாக நீட்டியே ஆகவேண்டும்.

என் வாடகை வீட்டுக் கொல்லையில் நீட்டுவதற்கு இருந்தது ஒரு கொய்யா மட்டும். அதன் பழத்தில் விதையை எடுத்துவிட்டால் தோல்தான் மிஞ்சும். அதை மாற்றாக எடுத்துப் போன இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள், குச்சி கொடுக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஒருவர்தான் இரண்டு கையாலும் வாங்கினார். காய்ந்துவிடாமல் இருக்க, வெட்டிய முனைகளில் அரக்கை உருக்கி வைத்தார். அதற்கென்றே சொந்தமாக ஓர் அரக்குக் குச்சி வைத்திருந்தார். சர்க்கார் அரக்கு தபால் பைக்கு மட்டும். ஈர வாழைமட்டையில் சுற்றி, சணல் போட்டு, ரிஜிஸ்தர் பார்சல் மாதிரி ஓரமாக வைத்தார். இரண்டு மாதம் கழித்து, "உங்க கொய்யா துளிர்த்துடுச்சுங்க" என்று நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னார். அந்த மரத்துக்கு அதற்கு முன்போ பின்போ அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. மரியாதை விஷயத்தில் அவர் யாரிடமும் கஞ்சத்தனம் காட்டாதவர். கன்றுக்குட்டி காலடியில் வந்தால் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். தந்தி கொண்டு போகும் பையனும் 'ங்க', தாசில்தாரும் 'ங்க'. அவர் வாயிலிருந்து ஒரு 'நீ' விழுந்து யாரும் கேட்டதில்லை.

எங்கள் எல்லோருக்கும் ஆசை இருந்தது ஒரே மரத்தின் மேல். அது காரைக்கால் மாதா கோயிலுக்குப் பின்தெருவில், பிரெஞ்சு மரியாதையோடு ஊரே 'முசியே' என்று அழைத்தவரின் கொல்லையில் நின்றது. முசியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு, பென்ஷனோடும் ஒரு சைகோன் மனைவியோடும் கப்பலில் வந்திறங்கியவர். அந்த அம்மாள் கன்றாகக் கொண்டுவந்த பம்பளிமாஸ்தான் மரமாகியிருந்தது. நம்மூர்ப் பம்பளிமாஸ் புளிப்பில் பல் கூசும். இதுவோ உள்ளே ரோஜா நிறம். சுளை வாயில் விழுந்ததும் தேன் மாதிரி உடையும் என்று முசியேவே சொல்வார். அவர் சொல்லித்தான் தெரியும். பழத்தையும் வெளியே விடமாட்டார். குச்சி கேட்டுப் போகாதவர்கள் இல்லை. நானும் என் கொய்யாவோடு போனேன். "இது மரம் இல்ல தம்பி, பாஸ்போர்ட்டு. பாஸ்போர்ட்டை எவனாச்சும் பாதி கிழிச்சுக் குடுப்பானா?" என்று கேட்டு, காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினார். ஊரிலேயே ஒன்றே ஒன்று என்பதில்தான் அவருக்கு அந்தப் பழத்தின் ருசியே இருந்தது. போஸ்ட்மாஸ்டர் மட்டும் கேட்டுப் போனதில்லை. நாங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்தோம். அவர் பூ கிள்ளும் மரத்தை ஏதோ நாரத்தை என்று எண்ணி, 'தபால் நாரத்தை' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தோம். பெயர் வைத்தவன் நான். சிரித்துக்கொண்டே முக்காலியைத் தூக்கி அடுத்த கிளைக்கு நகர்த்துவார்.

சைகோன் அம்மாளை நான் ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன். நான் வந்த மறு வருடமே காலமாகிவிட்டார். சந்தையில் பழகிய தமிழ் அவருடையது. அதில் 'ங்க' கிடையாது. பங்குச் சாமியாரைப் பார்த்தும் "வா, உக்காரு, சாப்புடு" என்பார். சாமியார் உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மாள் போன பிறகு முசியே அந்த மரத்தடியிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். காய்ந்த சுள்ளியைக்கூட ஒடிக்க விடமாட்டார். அதன்மேல் கத்தி படுவது என்ற பேச்சே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் மழை விடவில்லை. முசியே கொல்லையில் நின்ற தண்ணீர் வடியவே இல்லை. தை பிறந்தபோது பம்பளிமாஸின் அடிமரத்தில் பிசின் கசிந்தது, இலை மஞ்சளாகி உதிர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் வந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மாசியில் அவர் முக்காலியில் ஏறவில்லை. தபால் நாரத்தை முதல்முறையாகப் பூத்துக் குலுங்கியது. "புள்ள வயசுக்கு வந்துடுச்சா?" என்று கேட்டேன். "வந்துடுச்சுங்க" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. ஆடிக்குள் முசியேவின் மரம் முழுக்கக் காய்ந்து நின்றது. வெட்ட ஆள் வந்தபோது கைத்தடியால் விரட்டிவிட்டு, நிழலில்லாத அந்த மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போஸ்ட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார். நான் நன்றாகப் பேசுவேன் என்று ஊரில் ஒரு வதந்தி இருந்தது. சைக்கிள் கேரியரில் ஒரு மண்தொட்டி. அதில் எலுமிச்சைக் கன்றின் மேல் கண் ஒட்டுக் கட்டிய ஒரு செடி. துணிப்பையில் பெரிய பழம் ஒன்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் சொன்னார். அந்த அம்மாள் உயிரோடு இருந்த காலத்தில், தபால்தலை வாங்க வந்தவர், போஸ்ட்மாஸ்டர் தோட்டத்துப் பன்னீர்க் கொய்யாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். அம்மாள் பிறந்த ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள மரமாம் அது. அதன் பதியன் ஒன்றை வாங்கிக்கொண்டு, மாற்றாகப் பம்பளிமாஸ் குச்சியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். முசியேவின் மரம் சாகிறவரை மூச்சு விடக் கூடாது.

"காய்ச்சா தெரிஞ்சுபோகுமேங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அதான் கிள்ளினேன்."

"இப்ப மட்டும் எப்படிங்க நம்புவாரு? திருடிட்டதாத்தானே நினைப்பாரு? சாட்சி சொல்ல அந்த அம்மா இல்லியே?"

"நினைக்கலாங்க. அதுக்காக வந்த தபாலை நாமளே வச்சுக்க முடியுமா?"

முசியே வீட்டுக் கூடத்தில் தொட்டியை இறக்கி வைத்தோம். அவர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"வரிச்சிக்குடி தோட்டத்துலேர்ந்துங்க."

"என் மரத்துல கைய வச்சியா? எப்ப? நான் இல்லாத நேரம் பாத்தா?"

"வெட்டலைங்க. மாத்திக்கிட்டது. அம்மாகிட்டங்க."

"செத்தவ மேல பழி போடுறியா? யோக்கியன்னு நினைச்சேனேடா உன்ன!"

கைத்தடி மேலே எழும்பியது. பேச்சுத் துணைக்குப் போன என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டுக் கட்டிக்கொண்டது. நான் கட்டியதில் பிடித்த ஒட்டு அது ஒன்றுதான். போஸ்ட்மாஸ்டர் ஒதுங்கவில்லை. சொல்லத் தயங்கினார். பிறகு தரையைப் பார்த்தபடி, எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"'மரம் செத்தா நீ குடு. சாகலைன்னா நீ பேசாத. கெழவனுக்கு ரோசம் சாஸ்தி.' இப்படித்தான் சொன்னாங்க."

கன்றுக்குட்டிக்கும் 'ங்க' போடுகிறவர் வாயில் அந்த 'நீ' வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அவர் குரலை மாற்றிப் பேசவில்லை, நடித்துக் காட்டவில்லை. கொடுத்த சொல்லை உறை பிரிக்காமல் அப்படியே பட்டுவாடா செய்தார். ஆனாலும் அந்தக் கூடத்துக்குள் வேறொருவர் வந்து நின்ற மாதிரி இருந்தது. கைத்தடி மெல்லக் கீழே இறங்கியது.

"கெழவன்னா சொன்னா?"

"ஆமாங்க."

"எனக்கு அப்ப தலகூட நரைக்கலியே!" என்று முசியே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பார்த்து, "அப்ப அந்தப் பன்னீர்க் கொய்யா? காக்கா போட்ட வெதைன்னாளே எங்கிட்ட!" என்றார்.

பழத்தை அவரே அறுத்தார். உள்ளே ரோஜா நிறம். ஒரு சுளையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருசமா நீங்க ஒண்ணுகூடத் தின்னு பாக்கலியா?" என்று கேட்டார். 'நீ' எப்போது 'நீங்க' ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

"தின்னுட்டா, அந்த ருசிய யாருகிட்டயாச்சும் சொல்லாம இருக்க முடியுமாங்க?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

முதல் சுளை அவருக்குத்தான் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "நல்லாருக்குங்க" என்றார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான். பிறகு முசியே என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா, வாயப் பாத்துக்கிட்டு? குச்சி வேணுமா? மாத்துக்கு என்ன வச்சிருக்க?"

"கொய்யாங்க."

"அந்தக் கருங்கல்லுக் கொய்யாவா? சரி, கொண்டா. குச்சிய வரிச்சிக்குடியில வாங்கிக்க. உத்தரவு நான் குடுத்ததுன்னு சொல்லு."

அதற்குப் பிறகு சைகோன் பம்பளிமாஸ் கைமாறிக் கைமாறித் திருவேட்டக்குடி வரை போயிற்று. கடலோர உப்புமண்ணில் பிடிக்காது என்றோம். அங்கேயும் ஒரு வீட்டில் பிடித்திருக்கிறது. தொட்டியில் போன செடி தன் கொல்லையில் காய்த்ததைப் பார்த்துவிட்டுத்தான் முசியே மகனோடு பிரான்சுக்குப் போனார். போஸ்ட்மாஸ்டர் இப்போது இல்லை. நான் வாழ்நாளில் கட்டியதில் என் நாக்கைத் தவிர உருப்படியாகப் பிடித்த ஒட்டு, அவர் கையால் அரக்கு வைத்துக் கொடுத்த குச்சி. அது என் வீட்டுக் கொல்லையில் மரமாக நிற்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் மாற்று எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். எவ்வளவு மட்டமான குச்சியோ, அவ்வளவு மரியாதையாக.

போன மாசியில் ஒரு காலை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முக்காலியைப் போட்டு ஏறினேன். ஒரே ஒரு கிளையை, அவர் மாதிரி, சுத்தமாகக் கிள்ளிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நகம் காம்பில் பட்டது. வாசனை முகத்தில் வந்து மோதியது. எத்தனை மாசி அவர் இப்படி நின்றார் என்று எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன். "அங்க ஏறி நின்னு என்ன பண்றீங்க?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி இறங்கினேன். பொய் இல்லை. மரத்தில் ஒரு மொட்டுகூடக் குறையவில்லை.